விமானம் வாங்குவது ஈஸி, விமானி கிடைப்பதுதான் கஷ்டம்: சிங்கப்பூரின் எஃப்-35 கணக்கு

ஒரு நாடு புதிய போர் விமானம் வாங்குகிறது என்றால், செய்தியில் இரண்டு எண்கள்தான் வரும். எத்தனை விமானம், எத்தனை கோடி. மூன்றாவதாக ஓர் எண் இருக்கிறது. அந்த விமானத்தை ஓட்டத் தயாராக எத்தனை பேர் இருக்கிறார்கள்? இது பெரும்பாலும் தலைப்புச் செய்தியில் வராது. ஆனால் முதல் இரண்டு எண்களுக்கும் உண்மையில் அர்த்தம் கொடுப்பதே இந்த மூன்றாவது எண்தான்.

இதைப் புரிந்துகொள்ள சிங்கப்பூரைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். அமெரிக்காவின் ஐந்தாம் தலைமுறை போர் விமானமான எஃப்-35-ஐ அந்த நாடு மொத்தம் 20 வாங்குகிறது. 2019-ல் முதலில் 4 வாங்கும் திட்டத்தை அறிவித்தது. 2023-ல் மேலும் 8. இந்த 12-ம், குறுகிய தூரத்தில் மேலெழுந்து செங்குத்தாகத் தரையிறங்கக்கூடிய எஃப்-35பி ரகம். 2024-ல், வழக்கமான ஓடுபாதையைப் பயன்படுத்தும் எஃப்-35ஏ ரகத்தில் 8. அறிவிக்கப்பட்ட அட்டவணைப்படி முதல் நான்கு 2026-லும், அடுத்த எட்டு 2028-லும், ஏ ரகம் 2030 வாக்கிலும் வர வேண்டும்.

சரி, பணம் இருக்கிறது, ஆர்டரும் போட்டாச்சு. அப்புறம் என்ன பிரச்னை?

முதல் பிரச்னை: வானமே பத்தாது

சிங்கப்பூரின் பரப்பு சுமார் 735 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அதாவது ஒரு முழு நாடு, இரண்டு சென்னை அளவுகூட இல்லை.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்பது போர் விமானத்துக்கு நிதானமான வேகம். நிமிடத்துக்கு 15 கிலோமீட்டர். சிங்கப்பூரின் கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனை வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மூன்றரை நிமிடத்துக்குள் நாடே முடிந்துவிடும். கொஞ்சம் தாமதமாகத் திரும்பினால் நீங்கள் இன்னொரு நாட்டின் வான்வெளியில் இருப்பீர்கள்.

இருக்கும் வானமும் காலியாக இல்லை. சாங்கி விமான நிலையம் வழியாக 2024-ல் மட்டும் 6.77 கோடி பயணிகள் சென்றிருக்கிறார்கள். அவர்களுடைய விமானங்களுக்கு நடுவில்தான் விமானப்படையும் பறக்க வேண்டும்.

எஃப்-35 வந்தால் இந்த நெருக்கடி இன்னும் கூடும். பழைய காலத்துப் போர் விமானிகள் எதிரியைக் கண்ணால் பார்த்து, வளைந்து வளைந்து துரத்திச் சண்டை போடுவார்கள். ஐந்தாம் தலைமுறை விமானத்தின் வேலையே வேறு. எதிரியின் ரேடாரில் சிக்காமல் இருந்துகொண்டு, கண்ணுக்கே தெரியாத தூரத்தில் அவரைக் கண்டுபிடிப்பது. அப்படியொரு சண்டையைப் பழக பல நூறு கிலோமீட்டர் காலி வானம் தேவை.

அப்போ எங்கே பழகுகிறார்கள்?

வெளிநாட்டில். இது எஃப்-35-க்காக வந்த புதிய ஏற்பாடு இல்லை. சிங்கப்பூர் விமானப்படை பல பத்தாண்டுகளாகப் பிற நாடுகளின் வானத்தில்தான் வளர்ந்திருக்கிறது.

ஒரு சிங்கப்பூர் போர் விமானியின் பாதை ஏறக்குறைய இப்படி இருக்கும். அடிப்படைப் பறப்பு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகருக்கு அருகில் உள்ள பியர்ஸ் தளத்தில், பிசி-21 என்ற ஒற்றை புரொப்பெல்லர் விமானத்தில். அடுத்த கட்டம் பிரான்ஸின் கசோ தளத்தில். 1998 முதல் சிங்கப்பூருக்கு அங்கே ஒரு பயிற்சிப் பிரிவு இருக்கிறது. இப்போது அங்கே பறப்பது எம்-346 ஜெட். அதற்கும் அடுத்தது அமெரிக்கா. எஃப்-16 பயிற்சி 1993-ல் அரிசோனாவின் லூக் தளத்தில் தொடங்கியது. எஃப்-15எஸ்ஜி பயிற்சி 2009 முதல் ஐடஹோவின் மவுன்டன் ஹோம் தளத்தில் நடக்கிறது.

எஃப்-35-க்கு ஆர்கன்சா மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்மித் நகரில் உள்ள எபிங் தளம். போலந்து, ஃபின்லாந்து, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளின் எஃப்-35 விமானிகளுக்கும் இதே தளம்தான். ஆளுக்கொரு பள்ளி கட்டாமல் எல்லோரும் ஒரே பள்ளியில் சேர்கிறார்கள். ஏன் என்று கீழே கணக்கோடு பார்ப்போம்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2007-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, சிங்கப்பூர் விமானப்படை மேற்கு வங்கத்தின் கலைக்குண்டா தளத்துக்கு வந்து இந்திய விமானப்படையோடு சேர்ந்து பயிற்சி எடுக்கிறது.

எஃப்-35 ஓட்டுவதில் அப்படி என்ன புதுசு?

டிரைவிங் ஸ்கூல் கார் ஞாபகம் இருக்கா? பக்கத்து சீட்டில் இருப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். எஃப்-16-லும் அப்படித்தான். பின்னால் பயிற்றுநர் உட்காரும் இரட்டை இருக்கை ரகம் உண்டு. எஃப்-35-ல் அந்த ரகமே கிடையாது. எல்லாமே ஒற்றை இருக்கை. ஒருவர் முதன்முறை எஃப்-35-ல் ஏறிப் பறக்கும்போதே தனியாகத்தான் பறக்கிறார். பயிற்றுநர் இன்னொரு விமானத்தில் பக்கத்தில் வருவார், ரேடியோவில் பேசுவார். அவ்வளவுதான்.

அதனால் அதற்கு முந்தைய படிக்கட்டுகள் ரொம்ப முக்கியமாகிவிடுகின்றன. தரையில் இருக்கும் சிமுலேட்டரில் நிறைய நேரம் செலவாகும். எம்-346 போன்ற பயிற்சி விமானத்தின் வேலையும் மாறிவிட்டது. பயிற்சி ரகத்தில் உண்மையான ரேடார் இல்லை. ஆனால் மாணவரின் திரையில் ரேடார் வேலை செய்வதுபோலவே காட்டும். இல்லாத எதிரியை அதில் காட்டலாம், இல்லாத ஏவுகணையை ஏவலாம். விமானமும் வேகமும் உடலை அழுத்தும் விசையும் நிஜம், எதிரி மட்டும் கற்பனை.

விமானத்தைப் பறக்கவைப்பது எளிதாகியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். செங்குத்தாகத் தரையிறங்கும் பழைய ஹாரியர் விமானத்தில், புகைவாயைத் திருப்ப விமானிக்குத் தனியாக ஒரு லீவர் இருந்தது. இரண்டு கையை வைத்துக்கொண்டு மூன்று கட்டுப்பாடுகளைச் சமாளிக்க வேண்டும். எஃப்-35பி-யில் அந்த வேலையைக் கணினி பார்த்துக்கொள்கிறது.

மிச்சமாகும் கவனம் எல்லாம் தகவல் பக்கம் போகிறது. விமானத்தைச் சுற்றி ஆறு கேமராக்கள். அவை எடுக்கும் காட்சி ஹெல்மெட்டின் கண்ணாடியிலேயே வரும். குனிந்தால் காக்பிட் தரையைத் தாண்டி கீழே இருக்கும் நிலம் தெரியும். அதோடு ரேடார் தகவல், சக விமானங்கள் அனுப்பும் தகவல். இத்தனைக்கும் நடுவில் எதை நம்புவது, எதை விடுவது, எப்போது ரேடாரை அணைத்துவிட்டு அமைதியாக இருப்பது என்ற முடிவுகளைத்தான் இப்போது விமானி கற்க வேண்டியிருக்கிறது. கை பழகுவதைவிட, இப்படி முடிவெடுக்கப் பழகுவதற்குத்தான் நாள் அதிகம் பிடிக்கும்.

சின்ன விமானப்படைக்கு ஏன் இது கூடுதல் கஷ்டம்?

இங்கேதான் மூன்றாவது எண் வருகிறது. கீழே இருப்பது முறையைப் புரிந்துகொள்ள நான் எடுத்துக்கொண்ட அனுமானங்கள், சிங்கப்பூரின் அதிகாரபூர்வ எண்கள் அல்ல.

ஒரு விமானத்துக்கு ஒன்றரை விமானி என்று வைத்துக்கொள்வோம். 20 விமானத்துக்கு 30 பேர். ஐந்து ஆண்டுகளில் இந்த 30 பேரும் தயாராக வேண்டும் என்றால் ஆண்டுக்கு 6 பேர். பதவி உயர்வு, உடல்நிலை, சிவில் விமான நிறுவன வேலை என்று ஆண்டுக்கு 3 பேர் வெளியேறுவார்கள் என்றால், அந்த இடத்தை நிரப்ப இன்னும் 3. ஆக, ஆண்டுக்கு 9 பேர்.

இந்த 9 பேரில் 2 பேர் தேறவில்லை என்றால் அந்த ஆண்டின் வரவில் 22 சதவீதம் போய்விட்டது. ஆண்டுக்கு 90 பேரைத் தயாரிக்கும் விமானப்படைக்கு அதே 2 பேர், 2 சதவீதம்தான்.

இன்னொன்று. மாணவர் 9 பேரோ 90 பேரோ, சிமுலேட்டர் வேண்டும், பாடத்திட்டம் வேண்டும், பராமரிப்புக் குழு வேண்டும், ஆயுதப் பயிற்சி நிபுணர் வேண்டும். அந்த நிரந்தரச் செலவை 9 பேர் மேல் ஏற்றினால் கட்டுப்படியாகாது. ஐந்து நாடுகள் எபிங்கில் ஒரே கூரையின் கீழ் சேர்வதற்கு இதுவே வலுவான காரணம்.

காசு கொடுத்தாலும் உடனே கிடைக்காத ஒன்றும் உண்டு. அனுபவமுள்ள பயிற்றுநர். உங்கள் ஆபீஸில் புதிய மென்பொருளுக்கு மாறும்போது என்ன நடக்கும்? டீமில் கெட்டிக்காரரான சீனியரைத்தான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போடுவார்கள். அவருடைய பழைய வேலை அப்படியே நிற்கும். விமானப்படையிலும் அதே கதை. எஃப்-35 பக்கம் போகும் முதல் குழு, எஃப்-16, எஃப்-15 படைப்பிரிவுகளின் திறமைசாலிகளாகத்தான் இருக்க முடியும். ஆனால் எஃப்-16 விமானங்கள் 2030-களின் நடுப்பகுதி வரை சேவையில் இருக்கப் போகின்றன. அதுவரை பழையதையும் காக்க வேண்டும், புதியதையும் வளர்க்க வேண்டும், இரண்டுக்கும் ஆள் ஒரே கூடையிலிருந்து.

அந்தக் கூடையும் சுருங்குகிறது. சிங்கப்பூரின் மொத்தக் கருவுறுதல் விகிதம் 2023-ல் 0.97-ஆக இறங்கியது. மக்கள்தொகை நிலையாக இருக்க 2.1 தேவை. 2040-களில் விமானி ஆகக்கூடிய வயதில் இருக்கப்போகிறவர்கள் இப்போது பிறந்துகொண்டிருக்கும் இந்தச் சின்ன தலைமுறைதான்.

வெளியூரில் படிப்பதற்கு என்ன விலை?

பணம் மட்டுமல்ல, உறவையும் தொடர்ந்து காப்பாற்ற வேண்டும். அமெரிக்கப் படைகள் சிங்கப்பூரின் விமான, கடற்படைத் தளங்களைப் பயன்படுத்த 1990-லேயே ஒப்பந்தம் உண்டு. 2019-ல் அது 2035 வரை நீட்டிக்கப்பட்டது. அமெரிக்காவின் வானம் சிங்கப்பூருக்கு, சிங்கப்பூரின் தளங்கள் அமெரிக்காவுக்கு. இரு பக்கமும் தேவை இருப்பதால் ஏற்பாடு நிலைத்து நிற்கிறது.

உறவு கெட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. துருக்கி, எஃப்-35 திட்டத்தின் பங்குதாரர் நாடு. அதன் விமானிகள் லூக் தளத்தில் பயிற்சியில் இருந்தார்கள். ரஷ்யாவின் எஸ்-400 வான் பாதுகாப்பு அமைப்பைத் துருக்கி வாங்க முடிவு செய்ததால், 2019 ஜூனில் அந்த விமானிகள் பறப்பது நிறுத்தப்பட்டது. அடுத்த மாதமே துருக்கி திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. விமானத்தை மறிப்பதற்கு முன்பே, அதை ஓட்டப் படித்துக்கொண்டிருந்தவர்களை அமெரிக்கா வகுப்பிலிருந்து எழுப்பிவிட்டது.

அதனால்தான் சிங்கப்பூர் ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைப்பதில்லை. ஆஸ்திரேலியா, பிரான்ஸ், அமெரிக்கா, இந்தியா என்று பிரித்து வைத்திருக்கிறது. ஒரு கதவு மூடினாலும் எல்லாம் நின்றுவிடாது. ஆனால் எஃப்-35 என்ற கடைசிக் கட்டத்துக்கு மட்டும் சாவி வாஷிங்டனில் இருக்கிறது. அதற்கு இன்றைக்கு மாற்று இல்லை.

இது நமக்கு எதுக்கு?

இந்திய விமானப்படை சின்னது இல்லை, நமக்கு வானமும் குறைவில்லை. ஆனாலும் இதே கேள்வி நமக்கும் வரும். 36 ரஃபேல் வாங்கியபோது, 2020 ஜூலையில் முதல் விமானங்கள் அம்பாலாவில் இறங்குவதற்கு முன்பே நம் விமானிகள் பிரான்ஸுக்குப் போய்ப் பழகித்தான் வந்தார்கள். சொந்தமாக உருவாக்கும் ஐந்தாம் தலைமுறை விமானமான ஆம்காவுக்கு 2024-ல் சுமார் 15,000 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அது வரும்போது போய்ப் படித்துவிட்டு வர வெளியில் ஒரு பள்ளிக்கூடம் இருக்காது. முதல் பயிற்றுநர்களையும் நாமே உருவாக்கியாக வேண்டும்.

அடுத்த முறை 'இத்தனை கோடியில் இத்தனை போர் விமானம்' என்று செய்தி வந்தால் மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்க. விமானி எங்கே படிக்கிறார், சொல்லிக்கொடுப்பவர் எங்கிருந்து வருகிறார், வாங்கியதில் எத்தனை விமானம் பயிற்சிக்கே போய்விடுகிறது. இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத அறிவிப்பு, பாதி அறிவிப்புதான்.