திருச்செங்கோடு: சத்தியப் படியும் சந்தையும்

திருச்செங்கோடு நாமக்கல் மாவட்டத்தில் உள்ள பழமையான கோயில் நகரம். சுற்றுவட்டார உழவர்களுக்கு அது சந்தை நகரமும் ஆகும். மலைமேல் அர்த்தநாரீசுவரரைத் தரிசிக்க வருவோரில் பலர், கீழே ஊரில் நடக்கும் பருத்தி, மஞ்சள், எள் ஏலங்களைப் பார்க்காமலே திரும்பிவிடுகின்றனர். முன்பின் அறியாதவர்கள் ஒருவரை ஒருவர் நம்பிக் கொடுக்கல் வாங்கல் செய்வது எப்படி? இக்கேள்விக்கு மலை ஒரு விடையும் ஏலக்களம் மற்றொரு விடையும் தருகின்றன.

பெயரும் அமைவிடமும்

ஈரோட்டிலிருந்து சுமார் 20 கி.மீ., நாமக்கல்லிலிருந்து சுமார் 35 கி.மீ., சேலத்திலிருந்து சுமார் 45 கி.மீ. தொலைவில் இவ்வூர் உள்ளது. 'கோடு' என்றால் மலைச் சிகரம். செந்நிற மலை என்பதால் செங்கோடு. சிலப்பதிகாரத்தின் குன்றக்குரவை முருகன் உறையும் இடங்களுள் ஒன்றாகச் செங்கோட்டைக் குறிப்பிடுகிறது. முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1997 ஜனவரி 1 அன்று உருவான நாமக்கல் மாவட்டத்தில் சேர்ந்தது.

அறுபதாம் படி

மலைக்குச் செல்லும் படிகள் ஏறத்தாழ 1,200. வழியில் பாறையில் செதுக்கிய பெரிய நாக உருவத்தைக் காணலாம். படிகளுள் அறுபதாம் படிக்குத் தனி மதிப்பு உண்டு. இதைச் சத்தியப் படி என்பர். கடன், பாகம், வரப்புத் தகராறு எதுவானாலும் இப்படியில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தால் வழக்கு தீர்ந்தது என்பது இப்பகுதி வழக்கம். பத்திரமும் சாட்சியும் இல்லாத காலத்தில் வாய்ச்சொல்லே பத்திரம்.

இத்தகைய சத்தியத்துக்கு ஆங்கிலேயர் காலச் சட்டத்திலும் இடம் இருந்தது. 1873ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டப்படி, "எதிராளி இன்ன முறையில் சத்தியம் செய்தால் ஏற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு தரப்பு முன்வரலாம். எதிராளி அவ்வாறே சத்தியம் செய்து சொன்ன சாட்சியம், முன்வந்தவருக்கு எதிரான முடிவான சான்றாகும். 1969ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் இந்த ஏற்பாடு இல்லை.

ஏலக்களம்

சத்தியம் கடனைத் தீர்க்கலாம். எடையைச் சரிபார்க்க முடியாது. வியாபாரியின் சொந்தத் தராசு, 'சாம்பிள்' என்று அள்ளும் பிடி, மகமை என்னும் பிடித்தம், துணிக்கடியில் விரல் பிடித்துத் தரகர்கள் பேசும் விலை எனப் பலவற்றால் உழவர் இழந்தது அதிகம். 1928இல் அறிக்கை அளித்த அரச வேளாண் ஆணையம் இத்தகைய குறைகளை எடுத்துச் சொன்னது. சென்னை மாகாணத்தில் 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. அதன்படி முதல் ஒழுங்குமுறைச் சந்தை 1936இல் திருப்பூரில் பருத்திக்காக அமைந்தது.

திருச்செங்கோட்டில் இப்பணியை வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கம் செய்கிறது. பொதுவாக இத்தகைய ஏலங்களில் உழவர் கொண்டுவரும் மூட்டைகள் எடை போடப்பட்டு, குவியல்களாகப் பிரித்து வைக்கப்படும். வெளியூர் வியாபாரிகள் தரம் பார்த்து விலை கேட்பர். விலை கட்டுபடியாகாவிட்டால் உழவர் விற்க மறுக்கலாம். மஞ்சள் இங்கே விரலி, கிழங்கு, பனங்காளி என்றும், எள் நிறத்துக்கு ஏற்பவும் தரம் பிரிக்கப்படும். பருத்தியும் மஞ்சளும் குவிண்டால் கணக்கில் விலை போகும்.

இங்கிலாந்தின் சந்தை நகரங்கள்

இடைக்கால இங்கிலாந்தில் வாரச்சந்தை கூட்டுவதற்கு அரசரின் உரிமைப் பட்டயம் பெறும் வழக்கம் இருந்தது. 'மார்க்கெட் ஹார்பரோ' போன்ற ஊர்கள் சந்தையை இன்றும் பெயரில் சுமக்கின்றன. சேலத்தின் செவ்வாய்ப்பேட்டையும் நாமக்கல் பக்கத்துப் புதன்சந்தையும் சந்தையின் கிழமையைச் சுமப்பதுபோல. அச்சந்தைகளில் எழும் தகராறுகளை உடனுக்குடன் தீர்க்க, 'பைபவுடர்' என்ற சிறு நீதிமன்றம் கூடியது. புழுதி படிந்த கால்கள் என்பது அதன் பொருள். வழிப்போக்கு வியாபாரி அடுத்த ஊருக்குப் போகும் முன்பே தீர்ப்புக் கிடைத்தாக வேண்டும் அல்லவா? அங்கே நீதிமன்றம் செய்ததை இங்கே ஒரு படிக்கல் செய்தது.

காணச் செல்வோர்க்கு

மலைமேல் செல்ல வாகனப் பாதை உண்டு. சத்தியப் படியைக் காண விரும்புவோர் காலை வெயிலுக்கு முன் படி ஏறுவது நல்லது. வைகாசி விசாகத் தேர்த்திருவிழாவின்போது ஊரில் கூட்டம் மிகும். ஏல நாள் பயிருக்குப் பயிர் மாறும் என்பதால் சங்க அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழிலுக்கும் இவ்வூர் பெயர் பெற்றது. அருகே புதுப்பாளையத்தில் இராஜாஜி 1925இல் நிறுவிய காந்தி ஆசிரமம் உள்ளது.

ஏலக்களத்துக்குச் செல்லும் மாணவர்கள், மூட்டையோடு காத்திருக்கும் உழவர் ஒருவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: போன வாரம் என்ன விலை? ஏலம் இல்லாவிட்டால் யாரிடம் விற்பீர்கள்? சந்தை நகரம் எதற்காக இருக்கிறது என்பதை அவர் சொல்லும் விடையிலிருந்து அறியலாம்.