தவணைக் காலத்தில் கடைப் பற்று

விளைச்சல் பொய்த்த ஆண்டில் கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்றிக்கொண்ட ஒரு குடியானவர், அத்தவணைகள் தீருமுன் உரக்கடையிலும் மளிகைக் கடையிலும் பற்று வைத்துக்கொள்ளலாமா? எம். புதுப்பட்டிப் பக்கம் நாம் செல்லும்போது அடிக்கடி எதிர்ப்படும் கேள்வி இது. கூடாதென்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பற்று, எதை நம்பி வைக்கும் பற்று என்பதில்தான் காரியம் இருக்கிறது.

2018-ஆம் ஆண்டின் பிற்பகுதியை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தது அவ்வாண்டில்தான். பட்டாசு பற்றி உச்சநீதிமன்றம் அக்டோபர் 23-ஆம் நாள் தீர்ப்பளித்தபின் ஆலைகள் பல மாதங்கள் மூடிக்கிடந்ததும் அப்பொழுதேதான். காட்டு வருமானம், ஆலைக் கூலி ஆகிய இரண்டும் ஒருசேர நின்றுபோனால் வீட்டில் அடுப்பு எரிவது கடைக்காரர் நோட்டை நம்பித்தான். ஆகவே கடைக்காரரைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. அவரும் விருதுநகர் மொத்த வியாபாரியிடம் கடனுக்குத்தான் சரக்கெடுக்கிறார்.

பயிர்க்கடனை மாற்றியமைத்தல் என்பது தள்ளுபடி அன்று. பயிர்ச் சேதம் 33 சதவீதத்துக்குக் குறையாதபோது, 2 ஆண்டுகள் வரையிலும், சேதம் பாதிக்கு மேற்படின் 5 ஆண்டுகள் வரையிலும் தவணை அளிக்கலாமென்று ரிசர்வ் வங்கி 2018-இல் வங்கிகளுக்கு வெளியிட்ட நெறிகள் கூறின. குறுகிய காலக் கடனை மத்திய காலக் கடனாக மாற்றும் வழக்கம் கூட்டுறவிலும் நெடுநாளாக உண்டு. இதன் பெரும்பயன் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. தவணை தவறாதவரையில் அக்கடன் நிலுவையாகக் கருதப்படுவதில்லை. எனவே புதிய பயிர்க்கடன் கேட்கும் வழி அடைபடுவதில்லை. ஒரு தவணை தவறினால் அந்த வழி அடைபடும். அப்புறம் விதை முதல் மருந்து வரை எல்லாவற்றுக்கும் கடையே கதி.

தொடக்கத்தில் தவணை கேட்காத அவகாச காலம் இருக்குமானால், அதுவே மிகவும் ஏமாற்றும் காலம். கையில் பணம் மிஞ்சியதுபோல் தோன்றும். நோட்டில் பற்று ஏறிக்கொண்டே போகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மூன்று ஏக்கர் மக்காச்சோளத்துக்கு ரூ.16,000 பெறுமான உரமும் மருந்தும் பற்றில் வாங்கியதாகவும், விளைந்ததை அக்கடைக்கே போடுவதாகப் பேச்சு என்றும் வைத்துக்கொள்வோம். யூரியா மூட்டையின்மேல் 45 கிலோவுக்கு ரூ.266.50 என்று அச்சிட்டிருக்கிறது. அதற்குமேல் வாங்குவது 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்கு விரோதம். ஆகையால் மூட்டையில் ஏற்ற முடியாத வட்டி, தானியத்தின் விலையில் இறங்கும். சந்தை விலையைவிடக் குவிண்டாலுக்கு நூறு ரூபாய் குறைத்து 40 குவிண்டால் எடுத்தால், போனது ரூ.4,000. நான்கு மாதப் பற்றுக்கு இது கால்பங்கு. ஆண்டுக் கணக்கில் 75 சதவீதம்! வட்டி என்ற சொல்லை அங்கு ஒருவரும் உச்சரித்திருக்கவே மாட்டார்கள். சங்கத்திலோ, குறித்த காலத்தில் செலுத்துவோருக்குப் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை.

இதனினும் பெரிய தீங்கு, களத்திலிருந்து தானியம் நேரே கடைக்குப் போய்விடுவது. கடைக்காரர் களத்துக்கு வருவார்; சங்கச் செயலர் வரமாட்டார். முதலில் கழிவது கடைப் பற்று, தவறுவது சங்கத் தவணை.

வாரக் கூலியில் தீர்க்கும் மளிகைப் பற்றை இதனோடு சேர்த்துப் பேச வேண்டியதில்லை. சனிக்கிழமைக் கூலியில் அந்த வாரத்துப் பற்று முழுதும் கழியுமானால் கேடில்லை. கழியாமல் மறுவாரத்துக்கு ஏறத் தொடங்கினால் நிறுத்திப் பார்க்கவேண்டும். தீபாவளிக்குப்பின் ஆலைகளில் வேலையற்ற வாரங்களைக் கருதி, அதற்குமுன்பே நோட்டை நேர் செய்துகொள்வது நல்லது. நியாயவிலைக் கடையில் விலையின்றிக் கிடைக்கும் அரிசியை வாங்காமல் விட்டுவிட்டு மளிகைக் கடையில் அரிசி பற்றெழுதும் வீடுகளும் உண்டு; காரணம் நமக்குப் புரியவில்லை.

உரத்துக்கு வேறு வழி இருக்கிறது. பயிர்க்கடனில் ரொக்கப் பகுதியோடு பொருட்பகுதியும் உண்டு. உரத்தைச் சங்கத்திலேயே பெறலாம். மாற்றியமைத்த கடன் உள்ளவர் இதைக் கேட்கக் கூசவேண்டியதில்லை. விதைப்புக்கு முன்னரே, புரட்டாசி பிறக்குமுன், சிட்டா, அடங்கலுடன் செயலரைக் காணவேண்டும். மாற்றிய கடனின் தவணைத் தேதியையும் வட்டியையும் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும்.

முன்பே கடைப் பற்று ஏறிவிட்டவர் அதை மறைக்காமல் கடைக்காரரிடமே தவணைத் தேதியைச் சொல்லிவிடலாம். சங்கத்துக்கு இவ்வளவு, உங்களுக்கு இவ்வளவு என்று முன்கூட்டிப் பேசியவரைப் பெரும்பாலான கடைக்காரர்கள் கைவிட்டதில்லை. தானியத்தை எங்கு விற்பது என்பதை மட்டும் பற்றோடு பிணைத்துப் பேசலாகாது.

பஞ்சாயத்து அங்கத்தினர் இதில் உதவலாம். கடைக்காரருக்கும் குடியானவருக்கும் நடுவே உட்கார்ந்து ஒரு தேதி முடித்துக்கொடுக்க அவரைவிடத் தக்கவர் யார்? ஆனால் இன்னாருக்கு இவ்வளவு பாக்கி என்பதைக் கிராமசபையில் எழுப்பவேண்டாம். மாற்றியமைக்கும் விதிகளையும் அறுவடைக்குப்பின் வரும் தவணை நாளையும் செயலரை அழைத்துப் பொதுவாகச் சொல்லச் செய்தால் போதும். ஜனவரி 26-ஆம் நாள் சபை அதற்கு ஏற்றது.