கடலோரத்தில் மறைந்த கொலாபா நிலையம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகளைச் சர்ச்கேட் நிலையத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். தண்டவாளம் முடியும் இடத்தில் நின்று, “ரயில் ஏன் இங்கேயே நின்றுவிடுகிறது, அப்பா? இதற்கு மேல் ஊர் இல்லையா?” என்று கேட்டாள். ரயில்வே குமாஸ்தாவாகிய நான் நாள்தோறும் அவ்விடத்தைக் கண்டும் அக்கேள்வியை எண்ணிப் பார்த்ததில்லை. அப்பால் ஊர் உண்டு. ஒரு காலத்தில் நிலையமும் இருந்தது. அதன் பெயர் கொலாபா.

பம்பாய், பரோடா, மத்திய இந்திய ரயில்வேயின் பாதை 1870இல் சர்ச்கேட்டை எட்டி, 1873இல் கொலாபாவை அடைந்தது. அக்காலத்தில் கொலாபா பஞ்சு வாணிகத்திற்குப் பேர்பெற்ற இடம். பஞ்சுப் பொதிகள் ரயிலேறி அங்கு வந்து குவிந்தன. 1896இல் பெரிய நிலையக் கட்டடம் எழுந்தது. நெடுந்தூர வண்டிகளும் புறநகர் வண்டிகளும் அங்கிருந்து புறப்பட்டன. 1928 ஜனவரி 5ஆம் நாள் கொலாபாவிற்கும் போரிவிலிக்கும் இடையே மின்சார ரயிலும் ஓடத் தொடங்கியது.

இத்தகைய நிலையம் மூன்றே ஆண்டுகளில் மூடப்பட்டது. பயணிகள் குறைந்தமையால் அன்று, நிலத்தின் பொருட்டு. பேக் பே கடலைத் தூர்த்து நிலமாக்கும் பணி 1920களில் நடைபெற்றது. கரையோரமாகச் சென்ற இருப்புப்பாதை, புது நிலத்திற்கும் பழைய நகருக்கும் இடையே வேலிபோல் கிடந்தது. ஆகவே பாதை விலக நேர்ந்தது. நெடுந்தூர வண்டிகளுக்கென 21 மாதங்களில் கட்டப்பெற்ற பம்பாய் சென்ட்ரல் நிலையத்தை, 1930 டிசம்பர் 18ஆம் நாள் கவர்னர் சர் பிரடெரிக் சைக்ஸ் திறந்து வைத்தார். அவ்வாண்டின் இறுதி நாளோடு கொலாபா நிலையம் மூடப்பட்டது. புறநகர் வண்டிகளுக்குச் சர்ச்கேட்டே எல்லையாயிற்று.

பழைய நிலையம் இருந்த இடத்தில் இன்று ரயில்வே அதிகாரிகளின் குடியிருப்பான பத்வார் பார்க் உள்ளது. ரயில்வே போர்டின் தலைவராக விளங்கிய எஃப்.சி. பத்வாரின் பெயரை அது தாங்கி நிற்கிறது.

இது வெறும் பழங்கதை அன்று. மாட்டுங்காவிலிருந்தும் மாஹிமிலிருந்தும் கொலாபாப் பக்கம் வேலைக்குச் சென்ற நம்மவர் எத்தனையோ பேர் சர்ச்கேட்டில் இறங்கி, மழையிலும் வெயிலிலும் பஸ்ஸுக்குக் காத்து நின்றனர். தந்தையர் நின்ற அதே வரிசையில் பின்னர் மக்களும் நின்றனர். 2025 அக்டோபரில்தான் நிலத்தடி மெட்ரோ ரயில் கஃப் பரேடு வரை வந்து சேர்ந்தது. விட்டுக்கொடுத்த ரயில் அப்பகுதிக்கு மீண்டும் வர ஏறத்தாழ 95 ஆண்டுகள் ஆயின! நிலத்தின் மதிப்பைக் கணக்கிட்டோர், அன்றாடம் ரயிலேறிப் பிழைப்பவரின் நேரத்தையும் கணக்கில் சேர்த்திருக்கலாகாதா என்று என் மனம் கேட்கிறது.

நேயர்களே, நீங்களும் ஒரு விடுமுறை நாளில் உங்கள் குழந்தைகளைச் சர்ச்கேட்டுக்கு அழைத்துச் சென்று, தண்டவாளம் முடியும் இடத்தைக் காட்டுங்கள். ரயில் அங்கு நின்றது ஊர் முடிந்துவிட்டதால் அன்று என்பதை அவர்கள் அறியட்டும்.