டீம் லஞ்ச் பில்லை எப்படிப் பிரிக்கணும்? சமமா போட்டா நியாயம் ஆயிடுமா?



நான் சிஏ ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணும்போது ஸ்டைபண்ட் மாசம் சில ஆயிரம்தான். ஒருநாள் ஆபீஸ்ல எல்லாரும் சாப்பிடப் போனோம். நான் ஒரு சாம்பார் சாதமும் ஒரு டீயும்தான் சாப்பிட்டேன். பில் வந்ததும் சீனியர் ஒருத்தர், "சமமா போட்டுக்கலாம்ப்பா"ன்னு சொன்னார். என் பங்கு, நான் சாப்பிட்டதைப் போல மூணு மடங்கு! வாயைத் திறக்க முடியலை. அடுத்த வாரம் கூப்பிட்டப்போ, "வயிறு சரியில்லை சார்"னு சொல்லிட்டேன்.

உங்க டீம்லயும் இப்படி அடிக்கடி "வயிறு சரியில்லாத" ஒருத்தர் இருக்கலாம். அவருக்காகவாவது இந்தக் கணக்கைத் தெரிஞ்சுக்கங்க.

முதல்ல பில்லைப் படிங்க

சாதாரண உணவகத்துல ஜிஎஸ்டி 5%. அதாவது மத்திய அரசுக்கு 2.5%, மாநில அரசுக்கு 2.5%. ஏசி இருக்கா இல்லையாங்கறதைப் பொறுத்து இது மாறாது. அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் பெரிய ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களில்தான் 18%.

அடுத்தது சர்வீஸ் சார்ஜ். இது வரி இல்லை. அரசுக்குப் போற பணமும் இல்லை. கேட்காமலே இதை பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. அதனால, "சர்வீஸ் சார்ஜை எடுத்துடுங்க"ன்னு தாராளமா கேட்கலாம். மறுத்தா 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

4,000 ரூபாய் சாப்பாட்டுக்கு 10% சர்வீஸ் சார்ஜ் போட்டா 400. அதுக்கு மேலயும் ஜிஎஸ்டி 20 ரூபாய். ஒரு வரியைக் கவனிக்காம விட்டா 420 ரூபாய் போச்சு!

டிப்ஸ் எவ்வளவு?

டிப்ஸ் உங்க விருப்பம்தான், கட்டாயம் இல்லை. நல்லா கவனிச்சுக்கிட்டாங்கன்னா 5 முதல் 10% வரை கொடுக்கலாம். சாப்பாட்டு விலைக்கு மட்டும் கணக்குப் போடுங்க. வரிக்கும் சேர்த்து டிப்ஸ் கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு குறுக்குவழி சொல்றேன். 5% ஜிஎஸ்டி பில்லில், சர்வீஸ் சார்ஜ் இல்லைன்னா, ஜிஎஸ்டி தொகையே உங்க 5% டிப்ஸ். அதை இரண்டால பெருக்கினா 10%. கால்குலேட்டரே வேண்டாம். முடிஞ்சா சப்ளையர் கையிலயே பணமா கொடுத்துடுங்க.

இப்போ பிரிக்கலாம்

ஆறு பேர் போறாங்க. சாப்பாடு 4,000, ஜிஎஸ்டி 200, டிப்ஸ் 200. மொத்தம் 4,400. சமமா பிரிச்சா தலைக்கு 733 ரூபாய்.

ஆனா திவ்யா வெஜ். தயிர் சாதமும் லைம் ஜூஸும் சேர்த்து 240 ரூபாய்க்குத்தான் சாப்பிட்டாங்க. நடுவுல வச்ச 1,000 ரூபாய் சிக்கன் ஸ்டார்ட்டர்ஸை மத்த ஐந்து பேர்தான் சாப்பிட்டாங்க. கார்த்திக் மட்டன் பிரியாணி, ஃபலூடான்னு தனியா 640 ரூபாய்க்கு வெளுத்துக் கட்டினார். மீதி நாலு பேர் ஆளுக்கு 530.

மூணே ஸ்டெப்:

1. ஒவ்வொருத்தரும் தனியா சாப்பிட்டதை எழுதுங்க.
2. பொதுவா வாங்கினதை, அதைச் சாப்பிட்டவங்களுக்கு மட்டும் பிரிங்க. இங்கே ஆளுக்கு 200.
3. கடைசியா கட்டின தொகையை மெனு விலை மொத்தத்தால வகுங்க. 4,400 ÷ 4,000 = 1.10. இதால எல்லார் தொகையையும் பெருக்குங்க.

திவ்யா: 240 × 1.10 = 264
கார்த்திக்: 840 × 1.10 = 924
மத்த நாலு பேர்: 730 × 1.10 = ஆளுக்கு 803

கூட்டிப் பாருங்க, சரியா 4,400 வரும். தள்ளுபடி கூப்பன் போட்டாலும் இதே வழிதான். மூணாவது ஸ்டெப்ல வர்ற எண் மட்டும் குறையும்.

சமமா பிரிச்சிருந்தா திவ்யா 469 ரூபாய் கூடுதலா கொடுத்திருப்பாங்க. மாசம் ரெண்டு தடவைன்னா வருஷத்துக்கு 11,256 ரூபாய்! புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்களுக்கு இது சின்னத் தொகையா?

இன்னும் ரெண்டு விஷயம்

ஒருத்தர் கிரெடிட் கார்டுல மொத்த பில்லையும் கட்டினா, அன்னிக்கே யூபிஐ-ல அனுப்பிடுங்க. நீங்க இழுத்தடிச்சு, அவரால கார்டு பில்லை முழுசா கட்ட முடியாம போனா, பல கார்டுகளில் மாசம் 3%க்கு மேல வட்டி. அது அவர் தலையில விழும். ஆனா, நண்பர்கள் இப்படி அனுப்புற பங்கு அவரோட வருமானம் ஆகாது. அதுக்கு வருமான வரியும் கிடையாது.

எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சாப்பிட்டிருந்தா இவ்வளவு கணக்கு வேண்டாம், சமமாவே போடுங்க. பத்து இருபது ரூபாய்க்கு நட்பைக் கெடுத்துக்காதீங்க.

ஆனா டீம்ல அதிக சம்பளம் வாங்கறவர் நீங்கன்னா, ஆர்டர் பண்ணும் முன்னாடியே, "அவங்கவங்க சாப்பிட்டதுக்குப் போட்டுக்கலாம்"னு நீங்களே சொல்லிடுங்க. குறைவா சம்பளம் வாங்கறவரால அதைச் சொல்ல முடியாது. அன்னிக்கு என்னால முடியலை.