இட்லித் தட்டில் நட்டும் போல்ட்டும்

தலையைக் குனிந்து வாருங்கள், மெக்கானிக் கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கிறது. முழுசாகத் தூக்கினால் சென்னை புதுப்பேட்டையில் பாதிப் பேர் யோசனை சொல்ல உள்ளே வந்துவிடுவார்களாம்! ஒரு மாதம் கெஞ்சி வாங்கிய அனுமதி இது. காலடியில் கவனம். அந்த பேசினில் இருப்பது தண்ணீர் இல்லை, மண்ணெண்ணெய். பழைய செயின் ஒன்று அதில் நேற்றிலிருந்து ஊறுகிறது.

நடுவில் இரண்டு மரப்பெட்டிகள் மேல் எலும்புக்கூடாக நிற்கிறதே, அதுதான் நாம் பார்க்க வந்த புல்லட். பக்கத்தில் முழங்கை வரை கிரீஸ் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் ஒரு வங்கி ஊழியர். எட்டு மாதம் முன்பு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றக்கூட அவளுக்குத் தெரியாது. இன்று ஒரு வண்டியையே கடைசி போல்ட் வரை பிரித்துப்போட்டு, தன் மனசில் இருக்கும் வடிவத்தில் திரும்பக் கோத்துக்கொண்டிருக்கிறாள்.

பிரித்ததையெல்லாம் எங்கே வைத்திருக்கிறாள் தெரியுமா? இட்லித் தட்டில்! ஒவ்வொரு குழியிலும் ஒரு குடும்பத்து நட்டு போல்ட்டுகள். குழி ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் ‘கிளட்ச் பக்கம்’, ‘முன் ஃபோர்க்’, ‘அண்ணாவைக் கேள்’ என்று எழுதியிருக்கிறாள். தட்டைத் தேடிக்கொண்டு அம்மா ஒருநாள் இங்கேயே வந்துவிட்டாராம். பார்த்தார், ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டார். மறுவாரம் இன்னொரு தட்டைக் கொடுத்தனுப்பினார்.

அவள் என் உள்ளங்கையில் பிஸ்டனை வைத்தாள். 70 மில்லிமீட்டர் அகலம், கவிழ்த்த காபி டம்ளர் மாதிரி கனமாக, வழவழவென்று. இது 90 மில்லிமீட்டர் ஏறி இறங்குவதில்தான் 346 சிசி புல்லட்டின் அந்த நிதானமான ‘தடக் தடக்’ பிறக்கிறது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு கை கோத்தது. அப்புறம் திருவொற்றியூரிலேயே உருவாகத் தொடங்கிய வண்டி இது. இந்த ஊர்க்காரன்!

சுவரில் ஒரு மாப்புக் குச்சி தொங்குகிறது. அதுதான் முதல் ஹேண்டில் பார். குச்சியைக் குறுக்கே கட்டி, ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டியை வெட்டி சீட்டாக வைத்து, அதன்மேல் அவளை உட்கார வைத்துப் படம் எடுத்தாராம் மெக்கானிக். "கூன் வுழுதும்மா, ரெண்டு இஞ்சு ஏத்து." இப்படிப் பதினாலு படம். அப்புறம்தான் தகட்டில் கை வைத்தார்கள். முதல் தகட்டை இடவலம் மாற்றி வெட்டிவிட்டாள். அதையும் குச்சிக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறாள். அவள் அதைத் தூக்கிப் போடாதது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தில் மட்டும் மூன்று சுற்று டேப். கிரைண்டர் அந்தப் பக்கமே போகக் கூடாது என்பது இங்கே கட்டளை. ஆர்சியில் உள்ள விவரம் மாறும்படி வண்டியின் அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விடாது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் அதை உறுதிப்படுத்தியது. அதனால் சேசிஸை அறுக்கவில்லை. அவள் கைவண்ணமெல்லாம் சீட்டிலும் மட்கார்டிலும் ஹேண்டில் பாரிலும்தான்.

இந்தச் சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள், 19 அங்குலம். இதற்குக் கம்பி கோத்துப் பெண்டு எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனதாம். அடுத்த கடைப் பெரியவர் ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் காது கொடுத்தார். "இறுகினது கணீர்னு பேசும், தளர்ந்தது பொத்துனு இருக்கும்." பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு தட்ட, அவளும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாளாம். எனக்கும் தட்டக் கொடுத்தாள். கணீர்! துள்ளிக் குதிக்காத குறைதான்.

அப்புறம் இன்னொரு நாள், சாயங்காலம் ஏழு மணி. மரப்பெட்டியிலிருந்து இறங்கிய வண்டிக்கு இன்று முதல் உதை! கிக்கரை மெதுவாக அழுத்துகிறாள், அம்மீட்டர் முள் நடுவுக்கு வருகிறது. டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் அழுத்தி, லீவரை விட்டு, ஓங்கி ஓர் உதை. ம்ஹூம். பத்து உதைக்குள் துப்பட்டா இடுப்புக்குப் போனது, முகமெல்லாம் வியர்வை. மெக்கானிக் பாயிண்டுக்கு நடுவே மெல்லிய தாளைச் செருகி இழுத்துப் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. டீ கொண்டுவந்த பையன்தான் குனிந்து பார்த்துச் சொன்னான்: "அக்கா, பெட்ரோல் டேப்பு மூடியிருக்கு."

சிரித்து முடிக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. அடுத்த உதையில், தடக்... தடக்... தடதடதட! டீ கிளாஸ் பெஞ்சில் நடுங்கியது. ஷட்டருக்கு வெளியே யாரோ விசிலடித்தார்கள். அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, பேசாமல் சைலன்சர் பக்கம் நீட்டினாள். அந்தப் பக்கமும் பேச்சில்லை, அழைப்பும் துண்டிக்கப்படவில்லை.

அதற்குள் மெக்கானிக் என்ஜின் அடியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டார். ஒரு சொட்டு எண்ணெய். "ஆஃப் பண்ணும்மா." அவள் போனை என் கையில் திணித்துவிட்டு, ஸ்பேனரோடு தரையில் படுத்துவிட்டாள்.