ஒரு பஸ் போதும்

திரைவழிப் பயணங்கள் – 11

சென்ற வாரம் ‘சான் ஃபெரி ஆன்’ என்ற பிரிட்டிஷ் படத்தைப் பார்த்தோம். 1965-இல் ஜெரமி சம்மர்ஸ் இயக்கிய அந்தப் படம் ஒரு மணி நேரம்கூட ஓடாது. படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த ஒரு வேனில் ஏறி, ஒரு குடும்பம் கடல் தாண்டி பிரான்சுக்கு விடுமுறைக்குப் போகும் கதை. வசனம் இல்லையென்றே சொல்லலாம். டேவிட் லாட்ஜ், ஜோன் சிம்ஸ், வில்ஃப்ரிட் பிராம்பெல் ஆகியோரின் முகமும் உடம்பும் மட்டுமே சிரிக்க வைத்தன.

மறு ஆண்டே தமிழில் ஒரு வண்டி கிளம்பியது. அதுவும் போய்ச் சேர்ந்தது, 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊருக்குத்தான். படம் ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’. இயக்கியவர்கள் திருமலை–மகாலிங்கம் இரட்டையர். அதன் நாயகன் ரவிச்சந்திரன் பிறந்தது நம் கோலாலம்பூரில். ராமன் என்ற இயற்பெயரோடு திருச்சிக்குப் படிக்கப் போனவரை, 1964-இல் ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் ஸ்ரீதர் அறிமுகப்படுத்தினார். நம்ம ஊர்ப் பையன் என்று சொல்லிக்கொள்ள நமக்கு முழு உரிமை உண்டு.

கதை எளிமையானது. ஒரு கொலையைப் பார்த்துவிட்ட பெண், கல்பனா, உயிருக்குப் பயந்து பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறுகிறாள். கொலைகாரர்கள் விடாமல் துரத்துகிறார்கள். அவளைக் காப்பாற்ற நாயகனும் அதே பஸ்ஸில் ஏறுகிறான். கண்டக்டர், நாகேஷ். மற்ற இருக்கைகளை நிறைப்பவர்கள் நாம் தினமும் பார்க்கும் ஜனங்கள். பக்கோடா கேட்டு அடம்பிடிக்கும் பையனாக வந்த காதர், அதன் பிறகு காலமெல்லாம் ‘பக்கோடா’ காதராகவே அறியப்பட்டார்.

சென்னைக்கும் பாண்டிச்சேரிக்கும் இடையே சுமார் 150 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் ஒரு முழுநீளப் படம் எப்படி அடங்கியது? பஸ்ஸுக்குள் ஏறியவர் பாதி வழியில் கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது. பிடிக்காதவர் பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஊர் வரும்வரை சகித்தாக வேண்டும். சண்டையும் சமாதானமும் காதலும் அந்த நெருக்கத்திலேயே பிறந்துவிடுகின்றன. கதை தளரும்போது வண்டியை நிறுத்தினால் போதும், புது இடமும் புது ஆளும் கிடைத்துவிடும். மாளிகை அரங்கம் போட வேண்டாம், நூறு துணை நடிகர்களும் வேண்டாம். ஆனால் நடிகர்கள் கெட்டிக்காரர்களாக இருந்தாக வேண்டும். நெரிசலில் திரும்பக்கூட இடமில்லாமல் நாகேஷ் செய்யும் சேட்டைக்குப் பின்னால் எத்தனை கணக்கான உடலசைவு இருக்கிறது என்பதை நடிக்க வரும் இளைஞர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும்.

இந்தச் சிறிய படத்தின் கதையை 1972-இல் இந்திக்காரர்கள் எடுத்துக்கொண்டு ‘பாம்பே டு கோவா’ ஆக்கினார்கள். ரவிச்சந்திரன் இடத்தில் அமிதாப் பச்சன் நடித்தார். அவரை உச்சிக்குக் கொண்டுபோன ‘ஜஞ்சீர்’ வருவதற்கு ஓராண்டு முன்பு அது. நாகேஷின் கண்டக்டர் பையை மெஹ்மூத் மாட்டிக்கொண்டார்.

‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’ வந்த அதே 1966-இல் நம் உலு கிள்ளானில் என்ன நடந்தது தெரியுமா? சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்திருந்த பி. ரம்லி, மெர்டேக்கா ஸ்டூடியோவில் ‘டோ ரே மி’ எடுத்தார். கறுப்பு வெள்ளைப் படம். அவரோடு ஏ.ஆர். தொம்பெல், இப்ராஹிம் டின், ஆக மூன்றே கோமாளிகள். கையிலிருந்த குறைந்த வசதியில் அவர் செய்த நகைச்சுவைக்கு இன்றும் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் சிரிக்கிறோம். அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில்தான் இப்போது தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸ் இயங்குகிறது.

மலேசியத் தமிழ் சினிமாவும் சிறு முதலீட்டிலேயே வளர்ந்தது. தீபக் குமாரன் மேனன் 2005-இல் ‘செம்மண் சாலை’யில் தோட்ட வாழ்க்கையைப் பதிவு செய்தார். பிறகு ‘சலங்கை’யில் பிரிக்பீல்ட்ஸ் தெருக்களுக்கே கேமராவைக் கொண்டுவந்தார். சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. நம் துயரங்களைச் சொல்ல நமக்குத் தெரியும் என்பதற்கு இந்தப் படங்களே சாட்சி.

நம் பயணச் சிரிப்பையும் அதே அக்கறையோடு படமாக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தீபாவளிக்கு முந்திய நாள், கிள்ளானிலிருந்து ஒரு வேன் பேராக்கில் இருக்கும் பாட்டி வீட்டுக்குக் கிளம்புகிறது என்று வையுங்கள். முறுக்கு டின்கள், பெருநாள் துணி, பேசிக்கொள்ளாத இரண்டு மாமாக்கள், கைப்பேசியை விட்டுக் கண்ணெடுக்காத பிள்ளைகள். கூட்டரசு நெடுஞ்சாலையிலேயே நெரிசல் தொடங்கிவிடுகிறது. தாப்பா ஓய்விடத்தில் தாத்தா காணாமல் போகிறார். தேடப் போனால், பழைய தோட்டத்துச் சிநேகிதர் ஒருவரோடு தே தாரிக் குடித்துக்கொண்டிருக்கிறார். படம் முழுக்க இப்படியே நகரலாம்.

மலாயும் சீனமும் கலந்து நாம் பேசும் தமிழ், தோட்டம் விட்டு நகரத்துக்கு வந்தவர்களின் கிண்டல், மூத்தவர்கள் வழிநெடுகச் சொல்லும் ஊர்க்கதைகள், இவற்றை நாம்தான் பதிவு செய்ய முடியும். சென்னையிலிருந்து யாரும் வந்து செய்யப் போவதில்லை. நம் இளைய இயக்குநர்களில் ஒருவர் அந்த வேனைக் கிளப்ப வேண்டும். அதில் ஏற நல்ல நடிகர்கள் இங்கே இருக்கிறார்கள்; பார்க்க நாம் இருக்கிறோம்.

அடுத்த வாரம்: ‘பக்தி’ (1950) படத்தில் பி. ரம்லியைக் கதாநாயகனாக்கிய தமிழர், எல். கிருஷ்ணன்.

(தொடரும்)