பெருமரக் காடு பார்க்க எங்கே போவது?

பாடசாலை விடுமுறை தொடங்கினால் வரக்காப்பொல சந்தியைக் கடந்து கண்டிப் பக்கம் ஏறும் வேன்களுக்குக் கணக்கில்லை. அநேகமானவை நுவரெலியாவுக்குத்தான். குளிர், பூந்தோட்டம், ஸ்ட்ரோபெரி எல்லாம் நல்லதே. ஆனால் அங்கே வீதியோரம் நாம் பார்த்துவிட்டு வரும் பைனும் யூகலிப்டஸும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவை. இந்நாட்டின் சொந்தப் பெருமரங்கள் நிற்கும் காடு எமது சபரகமுவ மாகாணத்திலேயே இருக்கிறது. அதைப் பார்க்காமலே எம் பிள்ளைகளில் பலர் பாடசாலைக் காலத்தை முடித்துவிடுகிறார்கள்.

பெரிய மரம் என்றதும் இணையத்தில் எல்லோரும் அமெரிக்காவின் கலிபோர்னியா செம்மரங்களைத்தான் காட்டுகிறார்கள். அவற்றில் ஹைபீரியன் என்ற மரம் ஏறத்தாழ 116 மீற்றர் உயரம், உலகிலேயே உயரமானது. 2006ஆம் ஆண்டில்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தேடிச் சென்றவர்கள் வேரடி மண்ணை மிதித்து இறுக்கி, சுற்றியிருந்த செடிகளை அழித்து, குப்பையும் போட்டதால் 2022இல் அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று தடை விதித்தார்கள். எந்த மரம் மிக உயரம் என்று பார்த்துப் பயணம் தெரிவுசெய்தால் முடிவு இப்படித்தான் ஆகும். எமது தாழ்நில மழைக்காட்டு மரங்கள் 35 முதல் 45 மீற்றர் வரைதான் உயரும். ஆனால் ஹொர, தூண், நவந்த, நா என்று வகைவகையான மரங்கள் ஒன்றோடொன்று நெருங்கி, கொடியும் பாசியும் சுற்றி நிற்பதைப் பார்ப்பது வேறோர் அனுபவம்.

எந்தக் காட்டைத் தெரிவுசெய்வது? தூரத்தை விட, யாரை அழைத்துச் செல்கிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சிறு பிள்ளைகளும் வயதானவர்களும் இருந்தால் எனது தெரிவு கித்துல்கல, மாகந்தாவ வனம். அது எமது கேகாலை மாவட்டத்திலேயே உள்ளது. ருவன்வெல்ல, கரவனெல்ல, யட்டியந்தோட்டை வழியாகக் காலையில் புறப்பட்டால் மாலையில் வீடு திரும்பலாம். களனி கங்கையைக் கடந்து அக்கரைக்குப் போனால் காடு தொடங்கிவிடும். சிறிய காடு என்று குறைவாக எண்ண வேண்டாம். 1995இல் இந்தக் கித்துல்கல காட்டில்தான் யாருக்கும் அடையாளம் தெரியாத ஓர் ஆந்தையின் குரலைத் தீபால் வாரகாகொட கேட்டார். 2001 ஜனவரியில் சிங்கராஜவில் அது கண்ணில் பட்டது. உலகத்துக்கே புதிய இனம் என 2004இல் பெயரிடப்பட்டது. எமது வீட்டு வாசலில் இருந்த பறவை!

ஆனால் கித்துல்கலைக்குப் போகும் எம்மவர்களில் பெரும்பாலானோர் காட்டுக்குள் காலடி வைப்பதே இல்லை. படகோட்டம், குளியல், சாப்பாடு, திரும்பிவிடுவார்கள். உயிர் போவதும் அந்தக் குளியலில்தான். மேலே நீர்மின் நிலையங்களிலிருந்து நீர் திறந்துவிட்டால் நல்ல வெயில் நாளிலும் கங்கை திடீரென்று ஏறும். நீச்சல் தெரியும் என்ற தைரியம் அங்கே செல்லாது. ஊரவர் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் இறங்கவே கூடாது.

நடக்கத் தெம்புள்ள இளைஞர்களும் உயர்தர மாணவர்களும் என்றால் சிங்கராஜ. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்ட வனம் இது. இங்குள்ள மரங்களில் 60 சதவீதத்துக்கும் அதிகமானவை இலங்கைக்கே உரியவை. இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்திருப்பதால் வாசல்களும் பல. எமக்கு இலகுவானது கலவான, வெத்தாகல வழியாக வரும் குடாவ வாசல். ஒரு நாளில் போய்வர நினைத்தால் வேனில் இருந்த நேரமே மிஞ்சும். ஓர் இரவு தங்குவதே சரி.

குடாவ பக்கம் போகிறவர்கள் ஒரு விடயத்தை அறிந்து போக வேண்டும். 1970களின் முற்பகுதியில் கொஸ்கம பலகைத் தொழிற்சாலைக்காக இயந்திரங்களை இறக்கி இந்தக் காட்டில் மரம் வெட்டினார்கள். மக்களின் எதிர்ப்பால் 1977 அளவில் அது நின்றது. அதனால் வாசலுக்கு அருகே காண்பது வெட்டப்பட்டபின் மீண்டும் வளர்ந்த காடு. கொஞ்சத் தூரம் உள்ளே போனால்தான் கோடரி படாத பகுதி. முன்னதில் வெளிச்சம் விழும், செடிகள் அடர்ந்திருக்கும். பின்னதில் நிழல் கட்டி, தரை திறந்திருக்கும். வழிகாட்டியிடம் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். ஐம்பது வருடமாகியும் ஒரு காடு முழுதாகத் திரும்பவில்லை என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்ப்பார்கள். இதற்காகத்தான் மற்ற வாசல்களை விடக் குடாவையை நான் முன்னால் வைக்கிறேன். நீரோடையும் அருவியும் வேண்டுமென்றால் தெனியாய பக்கம் உள்ள பிட்டதெனிய நல்லது. ரக்வான பக்கத்து மோர்னிங்சைட் உயரமும் குளிரும் கூடியது. பறவை ஆர்வலர்களுக்கு ஏற்றது.

பாவா ஆதம் மலையைப் பலர் கேட்கிறார்கள். 1344இல் இப்னு பதூதா ஏறிய மலை, எமக்கும் உறவுள்ள இடம். குருவிட்ட, எரத்ன வழியும் பலாபத்தல வழியும் நல்ல காட்டின் ஊடாகவே ஏறுகின்றன. மேலே போகப் போக மரங்கள் குட்டையாகி, வளைந்து, பாசி மூடி மாறுவதை ஒரே நாளில் காணலாம். ஆனால் ஆயிரக்கணக்கான படிகள். முழங்கால் வலி உள்ளவர்களை வற்புறுத்த வேண்டாம்.

காலம் பற்றி ஒரு சொல். எமது பக்கம் மழை சும்மா மழையல்ல. 2016 மே மாதம் அரநாயக்க சாமசர மலை சரிந்ததைக் கேகாலை மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. மே, ஜூன், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பயணம் போட வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பொருத்தம். அப்போதும் முதல் நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவித்தலைப் பார்த்துவிட்டே வேனுக்குச் சொல்லுங்கள். முற்பணம் கொடுத்துவிட்டோம் என்பது போவதற்கு ஒரு காரணமல்ல.

வல்லபட்ட பற்றியும் சொல்லியாக வேண்டும். அரபு நாடுகளில் விலை போகும் ஊத் வாசனை, இந்த மழைக்காட்டில் வளரும் வல்லபட்ட மரத்தின் பிசினிலும் இருக்கிறது. அதனால் சில வருடங்களாக மரங்களை வெட்டித் துண்டுதுண்டாக விமான நிலையம் வரை கடத்துகிறார்கள். பிடிபடுகிறவர்களில் எல்லாச் சமூகத்தவரும் உண்டு. காட்டோரத்தில் யாராவது 'ஒரிஜினல் ஊத் கட்டை' என்று நீட்டினால் வாங்காதீர்கள். விலை குறைவென்றாலும் அது சட்டவிரோதம்.

மற்றவை எளிது. சிங்கராஜவுக்குள் டிக்கற்றும் வழிகாட்டியும் இன்றிப் போக முடியாது. அட்டைக்கு நீண்ட காலுறை, காற்சட்டையை அதற்குள் செருகிக்கொள்ளுங்கள். பிடித்துவிட்டால் நெருப்பு வைக்காமல் நகத்தால் தட்டிவிடுங்கள். ளுஹர் தொழுகைக்கும் பகல் உணவுக்கும் காட்டுக்குள் இடம் தேடாமல், காலை ஏழு மணிக்கே நுழைந்து பகலுக்கு முன் வெளியே வருவது போல் திட்டமிட்டால் பறவைகளும் கிடைக்கும், நேரமும் தப்பாது. வீட்டிலிருந்து சோற்றுப் பொதி கொண்டுபோனால் சுற்றிய தாளும் பொலித்தீனும் அதே பையில் வரக்காப்பொலைக்கே திரும்பி வரட்டும். வேனில் பாட்டுப் பெட்டி இருந்தால் அதை வெத்தாகலையிலேயே நிறுத்திவிடச் சொல்லுங்கள்.